லாபத்தோடு நாற்பத்து மூன்று

அவர் முதன்முதலாக என் தலையில் கை வைத்தபோது எனக்கு ஐம்பத்தேழு வயது. அந்த வயதில் என் தலையைத் தொடும் உரிமை முடி வெட்டுகிறவர் ஒருவருக்குத்தான் இருந்தது. மூட்டை ஏற்றுகிறவர் மூட்டையைத் தட்டிப் பார்ப்பதுபோல, உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து "பதினாறு" என்றார். என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் பக்கத்துத் தலைக்குப் போய் "பதினேழு" என்றார்.

சோஹாரில் துறைமுகத்தை ஒட்டிக் கட்டட வேலைகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். அங்கே ஒரு கட்டடக் கம்பெனியின் சைட் ஆபீசில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் புதிதாக வந்த சேஃப்டி ஆபீசர். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரர், நாற்பது வயது இருக்கும். வந்த வாரத்திலேயே சைரனை அலறவிட்டு, ஆபீசில் இருந்த எல்லோரையும் வெயிலில், ஆபத்து நேரத்தில் கூடும் இடத்தைக் காட்டும் பச்சை போர்டுக்குக் கீழே, வரிசையாக நிறுத்திவிட்டார்.

"விரலை நீட்டி எண்ணினா ஆகாதா?" என்று கேட்டேன். எனக்குக் கோபம்தான்.

"விரல் நீட்டினா கண்ணு ஏமாத்தும் சார். ஒரே ஆளை ரெண்டு தடவை எண்ணிடும். கை பட்ட தலை மறக்காது."

எண்ணும் பழக்கம் எனக்கும் உண்டு. இன்றைக்கும் உண்டு. மகன் வீட்டில் பதினோரு ஜன்னல்கள். படுக்கும் முன் பதினொன்றும் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். கேஸ் அடுப்பின் குமிழ்கள் மூன்று, பின்கட்டுத் தாழ்ப்பாள் ஒன்று. மருமகள் சலித்துக்கொள்கிறாள். ஆனால் நான் எண்ணுவது பொருள்களை. பொருள்கள் வைத்த இடத்தில் இருக்கும், எண்ணி முடித்தால் மனசு அடங்கிவிடும். அவர் எண்ணியது மனிதர்களை. அவர் அடங்கி நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நாலு பேர் சேர்ந்து கடைத்தெருவுக்குக் காரில் போவோம். புறப்படும்போது நாலு தலையில் கை வைப்பார். திரும்பும்போதும் வைப்பார். வண்டி ஓட்டுகிறவர், "நாலு பேர்தானே சார், கண்ணாலேயே தெரியுதே" என்பார். "தெரியும். இருந்தாலும்" என்று வைப்பார். "உங்களைச் சேத்து எண்ணினீங்களா?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "எண்ணுறவன் சேர்ந்தா கணக்கு கொழம்பும் சார்" என்றார்.

ஊருக்குப் போன் செய்தால் முதல் கேள்வி, "யார் யார் இருக்கீங்க?" அவர் மனைவி ஒவ்வொருவர் பேராகச் சொல்லவேண்டும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார், எங்களுக்கும் கேட்கும். ஒருநாள் அந்த அம்மாள், "பூனையையும் சேத்து அஞ்சு. அது தலையிலயும் கை வச்சுச் சொல்லணுமா?" என்றார். இவர் சிரிக்கவில்லை. "பூனை உள்ளதான இருக்கு?" என்று கேட்டார்.

அவரோடு நான் துபாய்க்குப் போனது ஒரு தவறான எண்ணிக்கையால்தான். சுனாமிக்குப் பிறகு, ஆசியாவின் கடலோர நாடுகள் எல்லாம் அடிக்கடி கூடிப் பேசத் தொடங்கியிருந்தன. எந்த நாடு எந்த நாட்டுக்கு முதலில் எச்சரிக்கை அனுப்புவது, கடலில் மிதக்கவிட்ட கருவிகள் சொல்வதை யாரெல்லாம் பகிர்ந்துகொள்வது என்றெல்லாம் பேசுவார்கள். துறைமுகப் பக்கத்துக் கம்பெனிகளும் வரலாம் என்று ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. எங்கள் கேம்ப் மேனேஜர், பாலக்காட்டுக்காரர், இரண்டு பேர் வருவோம் என்று எழுதிப் போட்டுவிட்டார். கடைசி நேரத்தில் அவருக்குப் போக மனமில்லை. இரண்டு என்று எழுதிவிட்டதால் நான் போனேன்.

பெரிய ஹோட்டல், பெரிய கூடம். மேஜைமேல் சின்னச் சின்னக் கொடிகள். பதினான்கு கொடிகளை எண்ணினேன். இவர் கதவுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். திரையில் அம்புக்குறிகள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பாய்ந்தன. புயலுக்குப் பெயர் வைப்பதற்கும் இந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் முறை வைத்துக்கொண்டிருக்கின்றன என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கேள்வி நேரத்தில் இவர் எழுந்தார். நாடுநாடாகப் பேசிய இங்கிலீஷுக்கு நடுவில் இவருடைய இங்கிலீஷ் எங்கள் பக்கத்து மண் ஒட்டியதாக இருந்தது. ஆனால் கேள்வி தெளிவாகவே இருந்தது. எச்சரிக்கை எங்கள் கேம்புக்கு வந்து சேர்ந்துவிடும். சரி. கேம்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது உங்கள் அம்புக்குறியில் எங்கே இருக்கிறது?

தலைமை தாங்கியவர், அந்தந்த அரசாங்கத்திடம் அந்தக் கணக்கு இருக்கும் என்றார்.

"அரசாங்கக் கணக்குல இல்லாதவங்க?" என்று இவர் கேட்டார்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தேநீர் இடைவேளை.

அந்த இடைவேளையில்தான் பங்களாதேஷிலிருந்து வந்திருந்த ஒருவர், மெலிந்த மனிதர், இவரைத் தேடிவந்து இந்தியில் பேசினார். அவர்கள் தீவுகளில் புயல் தஞ்சக் கட்டடங்கள் நிறைய உண்டாம். எச்சரிக்கைக் கொடி ஏற்றினாலும் சிலர் வரமாட்டார்களாம். மாட்டை விட்டுவிட்டு வரமாட்டாள் ஒருத்தி. அங்கே வந்தால் பகையாளி முகத்தில் விழிக்கவேண்டும் என்று வரமாட்டான் ஒருவன். "வராத ஆளுக்கு ஒரு காரணம் இருக்கும் பாய். அந்தக் காரணம் தெரிந்த ஆளை அனுப்பினால்தான் வருவான்" என்றார். இவர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றார். இரண்டு நாள் கூட்டத்தில் அவர் மூட்டை கட்டிக்கொண்டது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

மறுநாள் ஹோட்டல் சமையலறையில் ஏதோ புகைந்து அபாய மணி அடித்துவிட்டது. பேரிடரைப் பற்றிப் பேச வந்த அத்தனை பெரியவர்களும் நேராக லிஃப்டுக்கு முன்னால் போய் நின்றார்கள். இவர் மாடிப்படிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கத்தினார். கத்தியதோடு நிற்காமல் போகிற தலையிலெல்லாம் கை வைத்து எண்ண ஆரம்பித்துவிட்டார். தாய்லாந்திலிருந்து வந்திருந்த ஒரு வயசாளி, இவர் கை பட்டதும் நெருப்பு பட்டதுபோல விலகினார். அவர்கள் ஊரில் தலையைத் தொடுவது பெரிய அவமரியாதையாம். கீழே இறங்கிய பிறகு இவர் கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெரியவர் மன்னித்துவிட்டு, ஒரு யோசனையும் சொன்னார்: தோளைத் தொடலாமே? அன்று மாலை வரை இவர் தோள் தொட்டுப் பார்த்தார். "சரியா வரல சார். தோள் ஒருத்தருக்கு ரெண்டு இருக்கு" என்றார்.

துபாயிலேயே அல் குசைஸ் என்ற பகுதியில் எங்கள் கம்பெனிக்கு ஒரு அறை இருந்தது, ஆறு கட்டில் போட்டது. அன்று சாயங்காலம் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான், கேட்காமலேயே, ஒரே ஒரு தடவை சொன்னார்.

"கிறிஸ்மஸ் லீவு சார். அக்கா வீட்டுக்குச் சொந்தக்காரங்க வந்திருந்தாங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களும் வந்து படுத்துக்கும். நான் இங்கேருந்து போய்ச் சேர்ந்தப்போ ஆபீசர் ஒருத்தர் கேட்டாரு, வீட்டுல எத்தனை பேருன்னு. எனக்குத் தெரியல. ஊர்ல யாருக்கும் தெரியல. ஏழுங்கிறாங்க, ஒம்பதுங்கிறாங்க. ஆறு பேர் கெடச்சாங்க. தேடுறத எப்ப நிறுத்துறதுன்னு தெரியாமத் தேடுனோம்."

எழுந்து போய், வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாகத் திருப்பி வைத்தார்.

எங்கள் தொழிலாளர் கேம்ப் கடலுக்கும், மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஒரு வாடிக்கும் நடுவில் பள்ளத்தில் இருந்தது. வாடி என்றால் அங்கே காட்டாற்றுப் படுகை. சுற்றிலும் மதில், ஒரே கேட். ஜன்னல்களுக்குக் கம்பி. பட்டியலில் நாற்பத்திரண்டு பேர், எல்லோரும் நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டுகளும், என்னுடையதும்கூட, ஆபீஸ் இரும்பு அலமாரியில் இருந்தன. அலமாரிச் சாவி மேனேஜரிடம். வேலை, பஸ், கேம்ப், தூக்கம், மறுபடி பஸ். வெள்ளிக்கிழமை ஒன்றுதான் விடுதலை, அன்று காலையிலும் இவர் ஹாரனை ஊதினார்.

"வந்துட்டாருப்பா, பட்டியில ஆடு எண்ண!" என்று ஒரு குரல் கேட்கும்.

"எத்தன ஆடு கொறஞ்சாலும் மேனேஜர் தலையிலதான் கட்டணும்" என்று இன்னொரு குரல்.

துபாயிலிருந்து திரும்பிய வாரத்து டிரில்லில், எண்ணி முடித்த பிறகும் அவர் எல்லோரையும் வெயிலிலேயே நிற்க வைத்துவிட்டு அறை அறையாகப் போனார். வராத ஆளுக்கு ஒரு காரணம் இருக்கும் அல்லவா? கடைசியில் மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூமின் இரும்புக் கதவைத் தள்ளினார். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒருவர் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

சிவகங்கைப் பக்கத்துக் கொத்தனார். கொத்து வேலை என்று சொல்லி அழைத்து வந்து, பாலைவனத்தில் ஒரு கிணற்று மோட்டாருக்குக் காவலாக அவரைத் தனியே வைத்திருக்கிறார்கள். பேச ஆள் இல்லாமல் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்து ஓடிவந்தவர். பாஸ்போர்ட் அவருடைய கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த அரபியிடம். அது இல்லாமல் ஊருக்கும் போகமுடியாது, வெளியே தலைகாட்டினால் போலீஸ். அகண்ட வெளியில் தனியாக இருந்தவர் இங்கே பத்தடிக்குப் பத்தடி அறையில் நாற்பத்திரண்டு பேரின் பேச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒளிந்திருந்தார். அதுவே அவருக்குச் சொர்க்கம் என்று மெஸ்ஸில் சமைக்கும் அண்ணாச்சி பிற்பாடு சொன்னார். மெஸ் தட்டுகளை எண்ணிப் பார்த்து எனக்கும் முன்பே சந்தேகம் இருந்தது.

இவர் மேனேஜரிடம் போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஹாரன் ஊதிவிட்டு ஸ்டோர் ரூம் வாசலில் போய் நின்றுகொண்டார்.

"வெளிய வாங்க. டிரில் எல்லாருக்கும்தான்."

அண்ணாச்சி ஓடிவந்தார். "என்ன சார் வெளையாடுதீய? இவரையும் சேத்து எண்ணினா நாப்பத்தி மூனு வரும். பேப்பர்ல நாப்பத்தி ரெண்டுல்லா இருக்கு!"

"பேப்பர்ல என்ன இருந்தாலும் சரி அண்ணாச்சி. இவர் தலையில என் கை படணும்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அண்ணாச்சிக்குத்தான் வழி தோன்றியது. "அப்பம் ஒன்னு செய்வோம். எங்க ஊர்ல களத்துல நெல்லு அளந்தா மொத மரக்காலை ஒன்னுன்னு சொல்லமாட்டோம், லாபம்னுதான் சொல்லுவோம். இவரு முன்னால நிக்கட்டும். இவரு லாபம். அடுத்த ஆளுதான் ஒன்னு."

நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரன். களத்தில் உட்கார்ந்து நெல் அளக்கும் கணக்கு எழுதியவன். "அது தப்பு. லாபத்துக்கு அடுத்து ரெண்டுன்னுதான் சொல்லணும்" என்றேன்.

"அது நெல்லுக்கு சார். இது ஆளுக்கு" என்றார் அண்ணாச்சி.

சேஃப்டி ஆபீசர் கொத்தனாரின் தலையில் கை வைத்தார். "லாபம்" என்றார் கொத்தனார், தரையைப் பார்த்துக்கொண்டு. அடுத்தவர் "ஒன்னு" என்றார். வரிசையின் கடைசி ஆள் "நாப்பத்திரண்டு" என்று முடித்தார். இவர் அந்த எண்ணையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். எண்ணிக்கையில் ஒரு ஊசி நுழையும் இடைவெளி இருந்தாலும் தூங்காத மனிதர் அவர். அன்றைக்கு நிம்மதியாக இருந்தார். அது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அதன்பிறகு கேம்பில் கொத்தனாருக்கு லாபம் என்றே பெயராகிவிட்டது. "லாபத்துக்குச் சோறு வச்சாச்சா?" "லாபம், ரெண்டு வெங்காயம் குடும்." கடைசியில் அவரும் சிரிக்கப் பழகினார். மதிலுக்குள் ஏதாவது செங்கல் பெயர்ந்திருந்தால் பூசிவைப்பார். கேட்டைத் தாண்டமாட்டார். கம்பி போட்ட ஜன்னல் வழியாகக் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஜூன் மாதம் புயல் வருகிறது என்றார்கள். யாரும் நம்பவில்லை. "ஓமன்ல புயலா? ஒட்டகத்துக்குக் குடை புடிப்போமா?" என்று கேலி செய்தார்கள். இவர் மட்டும் நம்பினார். எச்சரிக்கை எங்கிருந்து புறப்பட்டு எந்த வழியாக வருகிறது, அந்தப் புயலுக்கு எந்த நாடு பெயர் கொடுத்தது என்பதுவரை சொன்னார். துபாயில் திரையில் பாய்ந்த அம்புக்குறிகள் அந்தத் தடவை நிஜமாகவே வேலை செய்தன. இரண்டு நாள் முன்னாலேயே எங்கள் ஆபீஸ் ஃபேக்ஸில் செய்தி வந்துவிட்டது. துறைமுகத்தை ஒட்டிய எல்லாக் கேம்புகளும் காலி செய்யவேண்டும், மேட்டில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவேண்டும் என்று உத்தரவு.

எங்கள் முறை வந்தது பிற்பகலில். வானம் ஈயம்போல இருந்தது. முதலில் மணல் அடித்தது, பிறகு மழை கிடையாக வந்தது. கேட்டுக்கு வெளியே பஸ், ஒரு போலீஸ்காரர். இளம்வயது ஓமானி, பிளாஸ்டிக் உறையில் போட்ட பட்டியலை நெஞ்சோடு அணைத்திருந்தார். நான் ஏற்கனவே பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து இருக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் வாடியில் செம்பழுப்பாகத் தண்ணீர் வரத் தொடங்கிவிட்டது. ஒரு நீலப் பீப்பாய் உருண்டு வந்து மதிலில் மோதியது.

ஆட்கள் என் ஜன்னலுக்குக் கீழே வரிசையில் நின்றார்கள். இவர் முதல் ஆளிடம் போய்த் தலையில் கை வைத்தார்.

"ஒன்னு" என்றார் அந்த ஆள். வெல்டர், பருமனான மனிதர்.

கை அங்கேயே நின்றுவிட்டது. பிறகு நகர்ந்தது. ரெண்டு, மூனு, என்று மழையில் குரல்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசி ஆள் "நாப்பத்திரண்டு" என்றார். போலீஸ்காரரும் தனியாக விரல் நீட்டி எண்ணினார். பட்டியலைப் பார்த்தார். "தமாம். யல்லா!" என்று, சரி, ஏறுங்கள் என்பதுபோல பஸ்ஸைக் காட்டினார்.

எல்லாம் சரியாக இருந்தது. பட்டியலில் நாற்பத்திரண்டு, வரிசையில் நாற்பத்திரண்டு.

"லாபம் எங்க?" என்று இவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். முகம் மாறியது. "நாந்தான சார் கதவத் தொறந்துவிட்டேன். பின்னாலயே வாரேன்னாரு."

பின்னால் யாரும் இல்லை. கேட்டுக்கு வெளியே போலீஸ் உடையைப் பார்த்ததும் அவர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார் என்பது எல்லோருக்கும் அந்தக் கணமே புரிந்தது.

"சார், போலீஸ் நிக்குது, சத்தம் போடாதீங்க" என்றார் வெல்டர். "அவரு எப்படியும் பொழச்சுக்குவாரு."

"மாட்டிவிட்டுறாதீங்க சார். உள்ள போனா வருஷக் கணக்குல வச்சிருவான்" என்றார் இன்னொருவர்.

மேனேஜர் குடையோடு போராடிக்கொண்டே வந்தார். "நாப்பத்தி ரெண்டு கரெக்டா இருக்கே! பின்னே என்னத்துக்கு நிக்குது? ஏறச் சொல்லு!"

"ஒரு ஆள் வரணும் சார்."

"எந்த ஆளு? பேரு சொல்லு."

இவர் வாயைத் திறந்தால் கொத்தனார் ஜெயிலுக்குப் போவார். இவர் கையெழுத்திட்ட ஒரு வருஷத்துத் தாள்கள் எல்லாம் பொய் என்றாகும். திறக்காவிட்டால் பஸ் கிளம்பிவிடும். ஜன்னல் வழியாக நான் அவர் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இடுப்பளவில், விரித்தபடி, எதன்மேலோ வைக்கப் போவதுபோல நின்றது.

போலீஸ்காரர் பொறுமை இழந்து கிட்டே வந்தார். "கம் நஃபர்?" எத்தனை ஆள் என்று அர்த்தம்.

"நாற்பத்து மூன்று" என்று இவர் இந்தியில் சொன்னார்.

போலீஸ்காரர் பட்டியலைத் தட்டிக் காட்டினார்.

"நாம் மாஃபி. நஃபர் ஹை" என்றார் இவர். பெயர் இல்லை, ஆள் இருக்கிறது. அந்த ஊரில் எல்லோரும் பேசுகிற கலவை மொழியில் நான் கேட்ட மிகச் சுத்தமான வாக்கியம் அதுதான்.

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். போலீஸ்காரர் ஒரு நிமிஷம் இவரையே பார்த்தார். பிறகு, ஆச்சரியமாக, தானே கேட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார். இவர் ஓடிப்போய் அவர் சட்டைக் கையைப் பிடித்துவிட்டார். "நீங்க வந்தா இன்னும் உள்ளே போயிடுவான் சாப். நான் போறேன்." அந்த இளைஞர் கேட்டிலேயே நின்றார். அதற்குள் கேட்டில் முழங்கால் தண்ணீர்.

இவர் ஸ்டோர் ரூம் வரைக்கும் துழாவித் துழாவிப் போனது தெரிந்தது. இரும்புக் கதவைத் தட்டியது தெரிந்தது. கதவுக்கு முன்னால் நின்று ஏதோ பேசினார். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். என்ன பேசினார் என்பதைப் பள்ளிக்கூடத்தில் கொத்தனாரே எனக்குச் சொன்னார்.

"'வெளிய போலீஸ் நிக்கிறாரு. பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போகமாட்டேன். வந்தீங்கன்னா புடிப்பாங்க. வரலைன்னா நானும் இங்கயேதான் நிக்கணும், ஏன்னா இன்னும் எண்ணி முடியல'ன்னாரு சார். கதவச் சாத்திக்கிட்டு நான் மூட்டை மேல உக்காந்திருக்கேன். தண்ணி கதவுக்கடியில வருது. அந்தாளு போகவே மாட்டேங்கிறாரு. என்ன பண்றது? வந்துட்டேன்."

பஸ் படியில் கொத்தனார் கால் வைத்ததும், சொட்டச் சொட்ட நனைந்த அந்தத் தலையில் இவர் கையை வைத்தார். "லாபம்" என்று சத்தமாகச் சொன்னார், போலீஸ்காரருக்கும் மேனேஜருக்கும் கேட்கும்படியாக. அதற்குப் பிறகுதான் "போலாம்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் மின்சாரம் இல்லை, குடிதண்ணீர் அளந்து கொடுத்தார்கள். போலீஸ்காரர் கொத்தனாருக்கு முதலில் போர்வையும் தேநீரும் கொடுத்தார். தண்ணீர் வடிந்தபிறகு அழைத்துப் போனார். புறப்படும்போது கொத்தனார் இவரிடம் வந்து நின்றார். "நீங்க எண்ணாம விட்டிருந்தா நான் இன்னும் மாட்டாமதான் இருந்திருப்பேன் சார்" என்றார்.

"ஆமா" என்றார் இவர்.

கேம்புக்குத் திரும்பிய அன்று எல்லோரும் முதலில் ஸ்டோர் ரூமுக்குத்தான் போனார்கள். கதவைத் திறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. அரிசி மூட்டைகள் ஊறிப் பெருத்து, வெடித்து, உள்பக்கம் கதவை அடைத்துக்கொண்டிருந்தன. சுவரில் சேற்றுக்கோடு என் நெற்றிக்கு மேலே இருந்தது. நாற்றம் தாங்கவில்லை.

"தகரத்தைப் பிச்சுட்டு மேல ஏறியிருப்பாரு. கொத்தனாருக்கு அது பெரிய காரியமா?" என்றார் அண்ணாச்சி.

"மேல காங்கிரீட்டு அண்ணாச்சி" என்றார் வெல்டர்.

அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அதுக்காவ? போலீஸ்கிட்டயா சொல்லுவாக?" என்றார்.

அந்தக் கேள்வியில்தான் கேம்ப் நின்றுவிட்டது. சுவரில் அந்தச் சேற்றுக்கோட்டைப் பார்த்த கண்ணால் அவர்கள் இவரைப் பார்க்க மறுத்தார்கள். மெஸ்ஸில் இவருக்குத் தட்டு வைப்பார்கள், பேச்சு நின்றுவிடும். வெள்ளிக்கிழமை ஹாரன் ஊதினால் யாரும் கேலி பேசாமல் வரிசையில் வந்து நிற்பார்கள். அந்த அமைதியைவிட ஆடு மாடு என்று ஏசியிருந்தால் தேவலை. முதல் ஆள் "ஒன்னு" என்பார். அதைச் சொல்வதற்கு முன்னால் இவருடைய உள்ளங்கை ஒரு கணம் வெறும் காற்றில் நின்றுவிட்டுத்தான் அவர் தலைக்கு வரும். எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

கம்பெனி விசாரித்தது. மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு இவருக்கு வழி சொல்லிக் கொடுத்தார். "அவனை அன்னைக்குத்தான் முதல்ல பார்த்தேன்னு எழுதிக்கொடு. முடிஞ்சது. கலாஸ்."

"ஒரு வருஷமாத் தலையில கை வச்சிருக்கேன் சார். பாக்கலைன்னு எப்படி எழுதுறது?"

இவருடைய விசாவை ரத்து செய்தார்கள். கொத்தனார் சிறையிலிருந்து, பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக வெறும் தாள் ஒன்றோடு விமானம் ஏற்றப்பட்டதற்கு மறுவாரம், இவருடைய பாஸ்போர்ட்டும் இரும்பு அலமாரியிலிருந்து வெளியே வந்தது. கொத்தனார் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாரா என்பதைப் போன் செய்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இவர் பெட்டியைக் கட்டினார்.

மஸ்கட்டுக்குப் போகும் பிக்கப் வண்டி கேம்ப் கேட்டில் நின்றது. வெள்ளிக்கிழமை காலை. வழியனுப்ப நான் ஒருவன்தான் போயிருந்தேன். அண்ணாச்சி வரவில்லை, வெல்டர் வரவில்லை. ஆனால் வராந்தா நெடுகிலும் ஆட்கள் நின்றார்கள், சிலர் பல் துலக்கிக்கொண்டு, சிலர் துணி காயப்போடுவதுபோல. யாரும் இந்தப் பக்கம் பார்க்காததுபோல எல்லோரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். அத்தனை தூரத்திலிருந்து தலையைத் தொட முடியாது. கையை உயர்த்தி, உள்ளங்கையை ஒவ்வொருவர் பக்கமாக நகர்த்திக்கொண்டே போனார். உதடுகள் அசைந்தன. வராந்தாவின் கடைசியில், மெஸ் கதவுக்குள் பாதி மறைந்து நின்ற அண்ணாச்சி வரைக்கும் போனார்.

"எல்லாரும் இருக்காங்க சார்" என்றார் என்னிடம். "நாப்பத்திரண்டு."

பிறகு என் தலையில் கையை வைத்தார். "நாப்பத்தி மூனு. சரியா இருக்கு."

வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வராந்தாவில் ஒவ்வொருவராக உள்ளே போகத் தொடங்கினார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, கண்ணாடி இறக்கிய ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் உச்சந்தலையில் வைத்தேன். "நாப்பத்தி நாலு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

"கணக்கக் கொழப்பாதீங்க சார்" என்றார். வண்டி கிளம்பியது.